வாவிக்கு மேலே போன பெட்டி

உன்னைக் கூப்பிட்டது யார்? எனக்குத் தெரிந்த எல்லா முறையிலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். விடை தெரியாது.

நேற்று கல்லடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மேலிருந்து படமெடுக்க ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். இரைச்சல் கேட்டதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நாம் பலூன் விட்டது பல வருடங்களுக்கு முன், போரை நிறுத்திச் சமாதானம் என்று சொல்லப்பட்ட மாதங்களில். நாம் இருவரும் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் தற்காலிக உதவி விரிவுரையாளர்கள். எங்கிருந்தோ பழைய வானிலைப் பலூன் ஒன்று உன் கைக்கு வந்திருந்தது. அதில் கமராவைக் கட்டி மேகத்துக்கு மேலே அனுப்பவேண்டும் என்றாய்.

"நம்மட வாவிய ஹெலியில போறவன் மட்டும்தான் முழுசாப் பாத்திரிக்கான். நாமளும் ஒருக்காப் பாக்கணும்கா."

ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையில் செய்த பெட்டிக்குள் ஒரு மலிவான கமரா. பொத்தானை அமர்த்த மணிக்கூட்டு மோட்டார். இறங்கும்போது விரிய, குடைத் துணியில் தைத்த பரசூட். பெட்டியின் மேல் மூன்று மொழிகளிலும் 'இது ஆயுதமல்ல' என்று எழுதினாய். கண்டெடுப்பவர் திருப்பித் தரவேண்டுமே என்று உன் பெயரையும் துறையின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அதன் கீழே எழுதினாய். வேறு ஊரில் யாரும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

மண்முனைப் படகுத்துறையில், வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறுமுன் இராணுவச் சிப்பாய் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆயுதம் இல்ல எண்டா ஏன் அப்பிடி எழுதினது?"

"எழுதாட்டி நீங்க சுடுவீங்களே" என்றாய். அவன் சிரித்துவிட்டான். மறுகரை இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி; அங்கே துவக்கோடு நின்ற இயக்கப் பொடியன் ஒருவன் உன் பெயரை வாய்விட்டு வாசித்தான். அவன் சிரிக்கவில்லை.

கொக்கட்டிச்சோலையில் கோயில் திருவிழா. பலூன் விற்க வந்திருந்த காத்தான்குடி முஸ்லிம் நானாவிடம் வாயு கேட்டோம். "இதென்ன தங்கச்சி, ஆனைப் புள்ளைக்குப் பொறந்தநாளா?" என்றபடி சிலிண்டரைத் திறந்தார். கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. பெட்டி கிழக்கே போய்ப் பெரியகல்லாற்றுக் கடலில் விழும், உன் மாமாவின் தோணி எடுத்துவரும் என்பது நம் கணக்கு. விட்ட கொஞ்ச நேரம் அப்படித்தான் போனது. உயரப் போனதும் காற்று மாறியது. வெள்ளைப் புள்ளி நம் தலைக்கு மேலாகவே திரும்பி, மேற்கே காட்டுப்பக்கம் போய் மறைந்தது. "அட, மேல வேற காத்து!" என்று கைதட்டினாய். நான் உன் பெயர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில நாட்களில் துறைக்குத் தொலைபேசி வந்தது. நீதான் எடுத்தாய்.

"பெட்டி கிடைச்சிரிக்காம். பேர் எழுதின ஆள் மட்டும் அக்கரைக்கு வரட்டுமாம்."

"ஆர் எண்டு கேட்டியா?"

"கேக்கல்ல புள்ள. மரியாதையாத்தான் கதைச்சார்."

"போகாத. பெட்டி போனா போகட்டும்."

"படம் இரிக்குகா உள்ள. பின்னேரம் வந்திருவன்."

பின்னேரம் நீ வரவில்லை. உன் அப்பா இரண்டு கரைகளுக்கும் அலைந்தார். இந்தக் கரையில் நீ பாதை ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தக் கரையில் நீ இறங்கவேயில்லை என்றார்கள். ஒரு பேச்சை நம்பினால் மற்றது பொய். இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம். இன்றும் புத்தகம், குடை, சாப்பாட்டுப் பெட்டி எதிலும் நான் பெயர் எழுதுவதில்லை. தொலைபேசியில் யாராவது மரியாதையாகப் பேசினால், முதலில் பெயரைத்தான் கேட்கிறேன்.

நீ போன மறுநாள் நடந்ததை எழுதிவிடுகிறேன். காலையில் ஆய்கூட வாசலில் வயதான வேளாண்மைக்காரர் ஒருவர் நின்றார். கையில் உரப்பை, அதற்குள் உன் பெட்டி.

"நெல்லு வெட்டின வட்டைக்குள்ள கிடந்திச்சி. பயத்தில வைக்கலுக்குள்ள ஒளிச்சி வெச்சிரிந்தன். இதில எழுதிரிக்கிற புள்ள நீங்களா?"

"இல்ல ஐயா. அவ நேத்து உங்களிட்டத்தானே வந்தவ?"

"என்னட்டயா? ஒருத்தரும் வரல்ல மகள்."

"நீங்கதானே போன் எடுத்துக் கூப்பிட்ட?"

அவர் பெட்டியை மேசையில் வைத்தார். "நான் இத ஒருத்தருக்கும் சொல்லயே இல்ல."