சுவர் முழுக்க வெள்ளை

இஞ்சாருங்கோ,

நாற்பது வருசம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்திலும் உங்கள் பெயர் வராது. உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் நேற்று முடிந்தது. இன்று காலையில்தான் வாசல் படலை தாண்டினேன். கண்டதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நம் ஒழுங்கைத் தெருவின் குழாயடிச் சுவர் வெள்ளையாக நின்றது. முழுச் சுவரும். ஒரு வள்ளப் படம்கூட இல்லை.

வெள்ளைக்காரனின் கப்பற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது, மிஞ்சிய பெயின்ற் வாளிகளைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டுக்கு ஒரு வள்ளமாக நீங்கள் கீறி வரைந்த சுவர். நிறத்தை அந்தந்த வீட்டார் பூசினார்கள். மூதூரிலிருந்து வந்த பாத்தும்மா பச்சை கேட்டாள். சவரிமுத்து பாய்மர உச்சியில் சிலுவை வைத்தார். அதற்குப் பிறகு குடம் நிறைந்தும் யார் உடனே வீடு திரும்பினார்கள்? கதிரை கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தல்லவா கதைத்தார்கள்! ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டு வள்ளத்தின்மேல் வெள்ளைத் துணி கட்டுவோம். துக்கம் கழிந்ததும் அவிழ்ப்போம். நாமே உண்டாக்கிய வழக்கம்.

"ஆர் செய்தது?" என்று கத்தினேன். குழாயடியில் நின்றவர்கள் குடங்களை இறக்கி வைத்தார்கள்.

சவரிமுத்து தலையைச் சொறிந்தார். "நாங்கள்தான் அக்கா. அண்ணைக்கெண்டு தனி வள்ளம் இல்லை. துணியை எங்கை கட்டுறது? முழுச் சுவரும் அவருடையதுதானே எண்டு சுண்ணாம்பு அடிச்சுப்போட்டம்."

"துணியெண்டால் அவிழ்க்கலாம். சுண்ணாம்பை எப்பிடி அவிழ்க்கிறது?"

அதை இவர்கள் யோசிக்கவே இல்லை!

"இந்த மனுசன்ட பேச்சக் கேட்டு நானும் வாளி தூக்கினன் அக்கா," என்றாள் பாத்தும்மா, சவரிமுத்துவைக் காட்டி. "வலைய வீசச் சொன்னா வலையோட தானும் விழுற ஆள்!" சிரித்தவள் உடனே அழுதாள்.

ஏசவும் மனம் வரவில்லை. அன்பு வைத்து ஒரு சுவரை அழிப்பார்களா?

அப்போதுதான் நான் சமைக்கிற குசினியின் கதவு நினைவுக்கு வந்தது. அதற்கும் அதே பெயின்ற்தானே பூசினீர்கள். ஒரு பொங்கலுக்கு நான் அதன்மேல் சுண்ணாம்பு அடிக்க, "கப்பல் பெயின்றிலை அது பிடிக்காதப்பா, தண்ணி பட்டால் போயிடும்" என்று சிரித்தீர்கள். சேலைத் தலைப்பை நனைத்துச் சுவரில் தேய்த்தேன்.

பச்சை தெரிந்தது! பாத்தும்மா கூவிய கூவலில் காகமெல்லாம் எழும்பிப் பறந்தன.

ஒழுங்கையே வாளியோடு வந்தது. நம் மூத்த பேத்தி கதிரையில் ஏறி ஊற்றிய தண்ணீரில் சவரிமுத்து முழுகியே விட்டார். வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

நடுவில் ஒரு இடம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் வெள்ளையாகவே நின்றது. நீங்கள் பெயின்ற் படாமல் விட்ட வெறுஞ்சுவர் அது. கேட்ட போதெல்லாம் "எங்கடை வள்ளத்தைப் பிறகு பாப்பம்" என்பீர்கள். எதற்குப் பிறகு? அதைச் சொல்லாமலே போய்விட்டீர்களே.

பேத்தி விரலால் அந்த வெள்ளையைச் சுற்றிக் காற்றிலேயே ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். உங்கள் கை அப்படியே அவளிடம்! நாளைக்குப் பெயின்றால் கீறுவாள். அந்த வெள்ளை வள்ளம்தான் நம் வீட்டுக்கு.

இனிப் பின்னேரங்களில் என் கதிரை அதன் கீழேதான், சத்தியம். மழையில் வெள்ளை மங்கினால் நானே சுண்ணாம்பு பூசுவேன். என் முறை வரும்போது துணி கட்ட இவர்கள் இடம் தேடக் கூடாது. இன்னொரு முறை முழுச் சுவரையும் இவர்களிடம் விட்டுப்போக என்னால் ஏலாது.

உங்கள் வீட்டுக்காரி,
அந்தக் கெட்டிக்காரியின் அம்மம்மா