ஐந்து பொட்டலம் பூமிளகு

என் செல்லக்குட்டி யாயாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். இரத்த அழுத்தம் மாத்திரையில் அடங்கியிருக்கிறது, முழங்கால் படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது, கடை தினமும் திறக்கிறது. நீயும் யோரிஸும் சுகம்தானே? ராட்டர்டாமில் வெயில் வந்தாலும் காற்று குளிர்தான் என்று அவன் அம்மா சொன்னாள், அதனால் வெயிலைப் பார்த்து உள்சட்டையைக் கழற்றிவிடாதே. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன், உன் அப்பா போன இந்த ஏழு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதி, உன் வருங்கால மாமியார் பெட்டியிலேயே போட்டு அனுப்புகிறேன். அவளுக்கு நம் எழுத்து படிக்கத் தெரியாது, பயமில்லை.

உன் மாமியார் மார்லெய்னும் மாமனார் ஹென்க்கும் ஐந்து நாள் இருந்தார்கள். நீ அவர்களை அனுப்பியது சோங்கிங்கைச் சுற்றிப் பார்க்க மட்டுமில்லை என்று எனக்குத் தெரியாதா? அம்மா சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, கடையை எதிர்க்கடைப் பெங்கிடம் கொடுத்துவிட்டு உன்னோடு வந்து இருக்க மனம் வந்ததா என்று பார்த்துவரச் சொல்லியிருப்பாய். நாற்பது வருடம் சரக்கு பார்த்தவளிடம் ஆள் அனுப்பி வேவு பார்க்கிறாயே. போகட்டும், அவர்கள் நல்ல மனுஷர்கள். பேச்சுக்கு மார்லெய்னின் போன்தான் நடுவில். அவள் சொல்வதை அது செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் சுத்தமான வடக்கத்திப் பேச்சில் சொல்லும், நான் நம் ஊர்ப் பேச்சில் பதில் சொன்னால் அதற்குப் பாதி புரியாது. தெருவில் ஸ்கூட்டர்காரன் ஒருவனை நான் திட்டியதை அது, உங்கள் தாயாரின் உடல்நலத்தை இந்த அம்மாள் விசாரிக்கிறார், என்று சொல்லியிருக்கிறது. ஹென்க் இரண்டு நாளாக அதையே சொல்லிச் சிரித்தார்.

பாவம், அந்த மனுஷர் பிறந்ததிலிருந்து மேட்டையே பார்க்காதவர். ஓட்டலில் கீழ்த்தளத்தில் லிஃப்ட் ஏறி இருபத்திரண்டாம் மாடியில் இறங்கினால் அங்கேயும் ஒரு தெரு, பஸ் நிற்கிறது, கீரை விற்கிறார்கள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் லிஃப்டில் கீழே போய், மறுபடியும் ஏறி வந்தார். குடியிருப்புக்குள் புகுந்து போகிற ரயிலைப் பார்க்க ஆற்றோரம் நின்றோம், சுற்றி நானூறு பேர் ரயிலை வாயால் கவ்வுகிற மாதிரிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், இவர் மட்டும் அந்தக் கட்டடத்தில் யார் தூங்குகிறார்கள் என்று கேட்டார். என் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி இருக்கிறாள், ரயில் நின்றுபோனால்தான் அவளுக்குத் தூக்கம் வராது என்றேன். நல்ல கேள்வி கேட்கிற ஆள். ரோப் காரில் யாங்சியைத் தாண்டும்போது மார்லெய்ன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத்தான் பயம் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது இறங்கின பிறகுதான் உறைத்தது. உன் அப்பா மூங்கில் தடியில் மூட்டை கட்டிப் படியேற்றிய துறை அந்தப் பக்கம்தான், நான் அதைச் சொல்லவில்லை. அந்தத் தடி கடைக்குப் பின்னால் நிற்கிறது. மார்லெய்ன் என்னவென்று கேட்டாள். கதவுக்கு முட்டுக் கொடுக்க என்று சொல்லிவிட்டேன்.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். என் நாக்கு செத்துவிட்டது. அப்பாவின் நாற்பத்தொன்பது நாள் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது, எந்த வாரம் என்று நினைவில்லை, நூடுல்ஸ் சாப்பிட்டேன், ஈரத் துணியை மென்ற மாதிரி இருந்தது. கடைக்காரன் உப்பு போட மறந்துவிட்டான் என்று சண்டை போட்டேன். மறுநாள் வேறு கடை, அதேதான். பெரிய ஆஸ்பத்திரியில் நாக்கை நீட்டச் சொன்னார்கள், தலையைப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். நாட்டு வைத்தியர் கசாயம் கொடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி, ரொம்பக் கசக்கும் என்றார். கசக்கவில்லை. அழுகையும் வரவில்லை, அது உனக்கே தெரியும், மயானத்தில் நீ அழுதுகொண்டிருந்தபோது நான் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போதும் துக்கமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். ஆனால் நாக்கை மரக்கவைக்கிற பூமிளகு விற்கிறவளுக்கு நாக்கு இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. பூமிளகின் ஒரு தோலைக் கடித்து, நுனிநாக்கில் வைத்து, எத்தனை எண்ணும்போது உதடு மரத்துப்போகிறது என்று எண்ணுகிறதுதான் நம் தொழில். பன்னிரண்டுக்குள் ஏறினால் வாங்கு, இருபதைத் தாண்டினால் மூட்டையைக் கட்டித் திருப்பிக் கொடு. ஏழு மாதமாக நான் கடித்தேன், எண்ணினேன், முகத்தைச் சுளித்தேன், வாங்கினேன். நிறத்தையும் கையில் குத்துகிற மொறுமொறுப்பையும் பார்த்து வாங்கினேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மார்லெய்ன் கடைக்கு வர வேண்டும் என்றாள். கூட்டி வந்து, வாங்க வருகிற எல்லாருக்கும் செய்வது போல ஸ்டூல் போட்டு, வெந்நீர் கொடுத்து, மூன்று மூட்டையிலிருந்து ஒவ்வொரு தோல் கையில் வைத்தேன். முதலாவதைக் கடித்தாள், எட்டு எண்ணுவதற்குள் துள்ளி எழுந்து வாயைப் பொத்திக்கொண்டாள், எலுமிச்சைத் தோலில் மின்சாரம் விட்ட மாதிரி என்று போன் சொன்னது. பக்கத்துக் கடைகளில் எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவது கொஞ்சம் தாமதம். வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் கழித்து மூன்றாவதைக் கொடுத்தேன். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். நான் நாற்பது வரை எண்ணினேன். அவள் தயங்கித் தயங்கிப் போனிடம் ஏதோ சொன்னாள், அது அதே செய்தி வாசிக்கிற குரலில், மன்னிக்கவும், இதில் எதுவும் இல்லை, இது காகிதம், என்றது. யாரும் சிரிக்கவில்லை. எதிர்க்கடைப் பெங் தன் தராசைத் துடைக்கத் திரும்பிக்கொண்டான். அந்த மூன்றாவது மூட்டையிலிருந்துதான் டிங்கின் ஹாட்பாட் கடைக்குச் சரக்கு போகிறது.

அன்று சாயங்காலம் அவர்களுக்கு ஹாட்பாட் விருந்து டிங்கின் கடையில்தான், பழைய போர்க்காலப் பதுங்கு குகைக்குள், நீ சின்ன வயதில் சுவரில் பல்லி வரைந்தாயே அதே கடை. முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன், மாற்ற முடியாது. வழியெல்லாம் எனக்கு ஒரே கணக்குதான். டிங்கின் குழம்பு என் சரக்கில் கொதிக்கிறது, என் சரக்கு காகிதம், சம்பந்தி வீட்டார் முன்னால் டிங்கின் பெயரும் என் பெயரும் சேர்ந்து போகப் போகிறது. அதனால் குறைந்த காரம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கை கழுவப் போகிற மாதிரி எழுந்து, சமையல்கட்டு ஆளிடம் எங்கள் சட்டிக்குப் பூமிளகு இரண்டு கரண்டி, மிளகாய் ஒரு கரண்டி கூடப் போடு, டிங் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல் என்றேன். ஒன்பது கட்டம் பிரித்த சட்டி மேஜை நடுவில் கொதித்து வந்தது. ருசி பார்க்கிற மாதிரி ஒரு வாய் குடித்துத் தலையை ஆட்டினேன். வெந்நீர்தான் தெரிந்தது. மாட்டுக் குடலை ஏழுதரம் முக்கி எட்டாவது தரம் எடுத்து அவர்கள் எண்ணெய்க் கிண்ணத்தில் வைத்தேன். தின்றார்கள். வாத்துக் குடல் வைத்தேன். தின்றார்கள். ஹென்க்கின் காது முதலில் சிவந்தது, அப்புறம் தலை, அப்புறம் விக்கல். மார்லெய்னுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர், ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரித்து இன்னொரு வாய் எடுத்தாள். நான் வைக்க வைக்க அவர்கள் மறுக்கவில்லை, மணப்பெண்ணின் அம்மா வைத்ததை மறுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். அவர்கள் தின்னத் தின்ன நான் வைத்தேன், பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். கடைசியில் ஹென்க் போனிடம் ஏதோ முனகினார், அது சொன்னது, என் நாக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, தயவுசெய்து தேடவும்.

அந்த நேரம் டிங் வேர்வையோடு வெளியே வந்தான். சட்டியைப் பார்த்தான், ஒரு கரண்டி எடுத்து நக்கினான், அவனுக்கே இருமல் வந்துவிட்டது. "ஏம்மா யுவான், இவங்க சம்பந்தியா, பன்னிக்குட்டியா? உசிரோட வேக வெக்கிறியா?" என்று கத்தினான். அவர்களுக்குக் குளிர்ந்த கடலைப்பால் நாலு பாட்டிலும் வெறும் சோறும் கொண்டுவரச் சொல்லிவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போனான். என் சரக்கில் வீரியம் குறைந்திருக்கும், அதனால்தான் கூடப் போடச் சொன்னேன் என்றேன். டிங் கரண்டியைக் கீழே வைத்தான். அப்புறம் மூலையில் ஒரு மூட்டையைக் காட்டினான், பெங் கடை முத்திரை. "புது வருஷத்துக்கு முன்னாடியிருந்தே உன் மூட்டையில உசிரு இல்லம்மா. ஒரு பங்கு உன்னுது, ஒரு பங்கு பெங்கோடதுன்னு கலந்துதான் ஓட்டுறேன். இதுக்கு மேல நீ ரெண்டு கரண்டி போட்டா அந்த ஆளு செத்தே போவான்" என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன் புருஷனுக்கு நாப்பத்தொம்பது நாள் முடியல. அப்பப் போய் உன் சரக்கு மட்டம்னு சொல்ல நான் என்ன நாயா? அப்புறம் நாளாக நாளாக எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நம்ம கடை வரிசையில எல்லாருக்கும் தெரியும். பெங்தான் சொல்லாதேன்னான்" என்றான்.

யாயா, அதைக் கேட்டு நெஞ்சு உருகியது என்று எழுத எனக்கும் ஆசைதான். உருகவில்லை. பெங்கிடம் போய் வாங்கினாயா என்றுதான் முதலில் வாயில் வந்தது. டிங் சிரித்துவிட்டான், இப்பத்தான் கொஞ்சம் யுவான் மாதிரிப் பேசறே என்றான். வெளியே வந்து பார்த்தால் ஹென்க் பாட்டிலை நெற்றியில் உருட்டிக்கொண்டிருந்தார், மார்லெய்ன் மறுபடியும் குடலை முக்கிக்கொண்டிருந்தாள், ஏழுதரம் சரியாக எண்ணி. நான் அவள் போனை வாங்கி, நிறுத்தி நிறுத்தி, வடக்கத்திப் பேச்சில், எனக்கு ருசி தெரிவதில்லை, ஏழு மாதமாக, உங்களை வதைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். அது சரியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முக்கியெடுத்த துண்டை என் கிண்ணத்தில் வைத்தாள். தின்றேன். ருசி இல்லை. சூடு இருந்தது.

மறுநாள் மூன்றாவது மூட்டையைக் கடை வரிசை நடுவில் அவிழ்த்துக் குப்பை வண்டியில் கொட்டினேன். டிங்குக்கு இதுவரை போன சரக்குக்கு மாற்றுச் சரக்கு தருவதாகச் சொல்லிவிட்டேன், வேண்டாம் என்றான், வாங்கிக்கொள்வான். எதுவும் தெரியாத மாதிரி நடித்த பெங்கிடம் போய், டிராகன் படகுத் திருவிழா கழிந்ததும் கடையை உன்னிடம் தருவதாக இருந்தேன், தரப்போவதில்லை என்றேன். "அப்படின்னா சரக்கை எந்த நாக்கால வாங்குவே? என் நாக்கைக் கடன் தரணுமா?" என்று கேட்டான். கிண்டல்தான், ஆனால் கேள்வி சரியான கேள்வி. ராத்திரி முழுக்க யோசிக்கவில்லை, ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன்.

ஆறாம் மாதம் பச்சைப் பூமிளகு அறுவடை, அடுத்து சிவப்பு. யாரிடம் வாங்குவது என்று பார்க்கப் போன அறுவடையின் மாதிரிச் சரக்கு ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஐந்து பொட்டலமாகக் கட்டி, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டு, மார்லெய்ன் பெட்டியில் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எது யாருடையது என்று எழுதவில்லை, எழுதினால் நீ அம்மாவுக்குப் பிடித்த ஆளாகப் பார்த்துச் சொல்வாய். உனக்கு ஒன்பது வயதில் மூட்டை மேல் உட்கார்ந்து கடித்து எண்ணக் கற்றுக்கொடுத்தேன், அப்போதே நீ என்னைவிட இரண்டு எண் முன்னால் சொல்வாய், உன் அப்பாதான் பிள்ளையின் வாயைக் கெடுக்காதே என்று சண்டை போடுவார். அந்த ஊர் வெண்ணெயைத் தின்று நாக்கு இன்னும் சுத்தமாகத்தான் இருக்கும். மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொள், அவள் நாக்கு நல்ல நாக்கு. நீ என்னைக் கூப்பிட்டது அன்பால்தான் என்று தெரியும், ஆனால் அங்கே வந்து நான் என்ன செய்வேன்? ஹென்க்கைப் போல் லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பேனா?

யோரிஸைக் கட்டிக்கொள்வதைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டிருந்தாய். அவன் எப்படி என்று எனக்குத் தெரியாது. அவனைப் பெற்றவர்கள் அந்தச் சட்டியைக் குறை சொல்ல வாய் திறக்காமல் தின்றவர்கள். போதும், கட்டிக்கொள். புத்தாண்டுக்கு இருவரும் வாருங்கள், மயானத்துக்குப் போய்விட்டு வருவோம், இந்தத் தடவை நீ அழும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன், எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன்.

நீயும் அவனும் நோய்நொடி இல்லாமல், கைநிறைய வேலையோடு, சண்டை போட்டாலும் ஒரே சட்டியில் சாப்பிட்டு நீண்டநாள் இருங்கள். பொட்டலத்தை வெறும் வயிற்றில் கடிக்காதே. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாய் கொப்பளித்துக் கால் மணி நேரம் விடு. எத்தனை எண்ணும்போது உதடு மரத்துப்போகிறது என்று ஐந்துக்கும் எழுதி வைத்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கடைக்கு யார் வந்தாலும் போனை வைக்க மாட்டேன். நீ எண்களைச் சொல்லும் வரை நான் ஒரு மூட்டையும் வாங்கப் போவதில்லை.

அம்மா,
யுவான் சூசியோங்