படிக்காமல் போட்ட கட்டைவிரல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் உடம்பளவில் நலம். நீ நலமா என்று கேட்கக் கை கூசுகிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. போனில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டாய். நானும் அவரும் பிரிந்துவிட்டோம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அழத் தெம்பில்லை, அதனால் எல்லோருக்கும் ஒரே தடவையாகச் சொல்கிறேன் என்று நீ எழுதிய செய்திக்கு, முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவன் பெற்ற அப்பன்.

நான் அதைப் படிக்கவில்லையம்மா. அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். என்னிடம் வேலை பழகிவிட்டு இன்று எனக்கு மேலே உட்கார்ந்திருப்பவன் திரையில் ஏதோ படம் காட்டிக்கொண்டிருந்தான். நான் மேசைக்கடியில் உன் சித்தப்பாவுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். தன் புதுக் கார் படத்தைக் குழுவில் போட்டு, "அண்ணன் இன்னும் பஸ்லதான் போறாரு, மூட்டுக்கு நல்லதாம்" என்று எழுதியிருந்தான். அவனுக்கு உறைக்கிற மாதிரி ஒரு வாக்கியம் தேடும்போது நடுவில் உன் செய்தி வந்தது. "எல்லாருக்கும் வணக்கம், ஒரு விஷயம் சொல்லணும்" என்ற வரிக்குக் கீழே 'மேலும் வாசிக்க' என்றிருந்தது. வாசிக்கவில்லை. வீடு மாறியிருப்பாய், பதவி உயர்ந்திருக்கும் என்று நினைத்து விரலைப் போட்டுவிட்டுச் சண்டைக்குத் திரும்பிவிட்டேன். மூத்தவரே போட்டுவிட்டார் என்று உன் மாமா, சித்தப்பா, குழுவில் வாயே திறக்காத அவன் மருமகன் வரை ஆளுக்கொரு விரல். சாயங்காலம் அத்தைதான் போன் செய்து, "என்னண்ணா, பொண்ணு வாழ்க்கையே போச்சுன்னு எழுதியிருக்கா, நீ சபாஷ் போடுறியே! அந்தக் கல்யாணம் வேணாம்னு அன்னைக்கே நீ சொன்னதைக் கேக்கலைன்னு இப்பப் பழி தீர்த்துக்கிறியா?" என்று கத்தினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அப்போதுதான் முழுவதும் படித்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். படித்து முடித்ததும், உன்னை நினைப்பதற்கு முன்னால், நான் சொன்னது சரியாகிவிட்டது என்று எனக்குள் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு நொடிதான், ஆனாலும் உட்கார்ந்தான். அத்தை சொன்னது முழுப் பொய் இல்லை. உன் கல்யாணத்தில் முகம் கொடுக்காமல் நின்ற நாளிலிருந்து நான் எனக்குள் சோறு போட்டு வளர்த்த ஆள் அவன். தவறு நடந்துவிட்டது, யாரும் படிக்காமல் எதையும் போடாதீர்கள் என்று குழுவில் நீளமாக எழுதினேன். அதற்கும் வரிசையாக விரல்தான் விழுந்தது. அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "நான் நடுவுல நின்னு பூசி மெழுக மாட்டேன், நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு. விடுமுறை நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்காதே. உன் அறையில் நான் அடைத்து வைத்திருந்த பத்திரிகைக் கட்டுகளை அப்புறப்படுத்திவிட்டேன், கட்டில் காலியாக இருக்கிறது. வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. வந்தால், அன்றைக்கே சொன்னேனே என்ற பேச்சு இந்த வீட்டில் எழாது.

உனக்கு நல்ல தூக்கமும் மனத்தெம்பும் கிடைக்க எங்கள் ஆசிகள். அம்மா கூப்பிட்டால் தவறாமல் எடு. எனக்கு எழுதத் தோன்றினால், வைது எழுதுவதானாலும், நீளமாகவே எழுது. கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.

உன் அப்பா