வளைந்த கரையில் நேர்க்கோடு

வியாழன், இரவு

இன்று தூக்கம் வராது. எங்கள் ஊருக்கும் இருபுறத்து ஊர்களுக்கும் நாளை கடல் எல்லை பேசி முடிக்கிறார்கள். மாலையில் டீக்கடையில் ஊர்த்தலைவர் சூசை அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் கரையில இருந்து நேரா கடலுக்குள்ள கோடு. நாமதான் கேட்டோம் சார். அவங்க மறுபேச்சே பேசல."

எங்கள் கரை அரிவாள்போல உள்ளே வளைந்தது. வடைத்தட்டின் வளைந்த விளிம்பைக் கரையாக்கி, இரண்டு எல்லைக் கோடுகளுக்கு இரண்டு தீக்குச்சிகளை உள்நோக்கி வைத்து, அப்படியே நேராகத் தள்ளிக் காட்டினேன். நடுவில் முட்டிக்கொண்டன.

"அப்போ நமக்குக் கடலே மிஞ்சாதே சார்?" என்றார் அண்ணாச்சி.

வங்காள விரிகுடாவின் மூலையில் மாட்டிக்கொண்ட பங்களாதேஷ் இதைச் சொல்லித்தான் இந்தியாவோடு வழக்காடியது. வகுப்பில் வரைபடத்தில் காட்டிய சங்கதி, இன்று டீக்கடைத் தட்டில் வந்து நிற்கிறது! நாளை எங்கள் ஊருக்காக நானே பேச வேண்டுமாம்.

எதிர்ப்பக்கம், பக்கத்து ஊர்க்காரர்களோடு என் மருமகன் இருப்பார். மகளுக்குப் போன் செய்தேன். அவள் சிரித்தாள்.

"கோடு ரெண்டும் முட்டும்னு அவுகளுக்கு முன்னாடியே தெரியும்ப்பா. ஒரு வாரமா கோணல் கரைன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே இருக்காவ."

தெரியாமல் என்ன? என்னிடம்தானே புவியியல் படித்தார்.