பச்சைத் தலைக் கல்

7-6-94, செவ்வாய்
காலையிலேயே மேல்காற்று. கண்ணெல்லாம் மண். சம்மன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோர்ட்டில் சாட்சி. ஆத்தங்குடிப் பக்கம் லாரி மோதி சைக்கிள்காரர் இறந்த கேஸ்.
போலீஸ் எழுதிய இடம் கி.மீ. 9. டிரைவர் சொல்வது: வளைவுப் பாலம், கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது, ஒதுங்க வழியில்லை. எங்கள் நெடுஞ்சாலை ஆபீஸ் ரெக்கார்டில் கி.மீ. 9 நேர் ரோடு, பாலமே கிடையாது. ஆளைப் பொய்யன் என்று உள்ளே தள்ளிவிடுவார்கள்.
வாங்க: மண்ணெண்ணெய், வீட்டுக்காரி மேரிக்குத் தைலம்.

8-6, புதன்
ஆபீஸ். பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.
போன வருடம் அந்த ரோடு மாவட்டச் சாலையிலிருந்து மாநில நெடுஞ்சாலை ஆனது. புது நம்பர். கி.மீ. எண்ணத் தொடங்கும் ஜீரோ இரண்டு கி.மீ. தள்ளிப் போனது. பழைய 9 இப்போது 7. பாலம் அங்கேதான். கி.மீ. கல்லின் தலையில் மாவட்டக் கறுப்புக்குப் பதில் மாநிலப் பச்சை. பெயிண்டர் எல்லாத் தலைக்கும் பச்சை அடித்துவிட்டு, எண்ணைப் பிறகு எழுதுகிறேன் என்று ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டான். நான் மொபெட்டில் போனபடியே பச்சையைப் பார்த்துவிட்டு ரிஜிஸ்டரில் எழுதினேன்: "எண்கள் மாற்றப்பட்டன, நேரில் சரிபார்த்தேன்." கையெழுத்து. மறுநாள் விபத்து. பெயிண்டர் திரும்பி வந்து 9-ஐ அழித்து 7 எழுதியது பத்து நாள் கழித்து.
போலீஸ்காரர் கல்லில் இருந்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

9-6, வியாழன்
மேலதிகாரி ஏ.இ. சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "ரிஜிஸ்டர்ல உள்ளத மட்டும் சொல்லுங்க ஆரோக்கியம். வாயக் குடுத்து சஸ்பெண்ட் வாங்காதீக."
ரிட்டயராக நாலு வருடம். பயம்தான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.
சாயங்காலம் டிரைவர் மனைவி வீட்டுக்கு வந்தாள். வலையபட்டியிலிருந்து. உட்காரவில்லை. "கல்லு கல்லா பாத்துட்டு வாரேன் சார். பாலத்துக்கிட்ட ஏழுன்னு இருக்கு. எங்க வீட்டுக்காரரு ஒம்பதுன்னு சாதிக்கிறாக. எங்கிட்டயே பொய் சொல்றாகளா?"
"கோர்ட்டுல சொல்றேம்மா." மேரி கேட்டுக்கொண்டே நின்றாள்.

10-6, வெள்ளி
வெயில். கோர்ட் வராந்தாவில் யாரோ: "அங்குட்டு ஃபேன் ஓடுது, இங்குட்டு ஏன் நிக்கிறீக?"
கூண்டு. வக்கீல் ரிஜிஸ்டரைக் காட்டினார்: கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். நேரில் சரிபார்த்தீர்களா?
"தலையத்தான் பாத்தேன் ஐயா. எண்ணப் பாக்கலை. அன்னைக்கு பாலத்துக் கல்லுல ஒம்பதுதான்."
நீதிபதி: "பார்க்காத எண் எப்படித் தெரியும்?"
"பத்து நாள் கழிச்சு அந்த ஒம்பத அழிக்கச் சொன்னதே நான்தான்யா."
பெஞ்சிலிருந்து டிரைவர் மனைவி: "அவுக பொய் சொல்லலை!" டவாலி அதட்டினார். அவள் அடங்கவில்லை.
வீட்டில் மேரி மோர் கொடுத்தாள். ஏ.இ. சார் ஆள் அனுப்பியிருந்தார்: நாளை முதல் ஆபீஸ் வர வேண்டாமாம்.