இரண்டு அங்குலம் இறக்கிய வண்டி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

இங்கே ஒரு மனிதர் என் உயிரை வாங்கிவிட்டார். ஊர் சுற்றப் பெரிய பைக் வாங்கியிருக்கிறார். உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் இறக்கிக் கொடுத்தேன். "சைடு ஸ்டாண்டையும் அறுத்துக் குட்டையாக்கணும் சார், இல்லேன்னா வண்டி ஸ்டாண்டு பக்கம் சாயாம நேரா நிக்கும், லேசாத் தொட்டாலே மறுபக்கம் விழுந்துடும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "புது வண்டிய அறுப்பீங்களா? கைய வெக்காதீங்க!" என்றார். வலது கைப்பிடியில் அவர் ஹெல்மெட்டை மாட்டியதுதான் தாமதம், வண்டி அந்தப் பக்கமே சரிந்தது. அந்தப் பக்கம் நான். கட்டைவிரல் லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அவர் வண்டியைத்தான் தடவிப் பார்த்தார்!

சைக்கிளில் பாப்பாவுக்கு முழங்கால் இடிக்கிறது என்றாய். சீட்டைத் தொடாதே, நான் வந்து ஏற்றுகிறேன் என்று எழுதியிருந்தேன். லீவு என்றாலே முதலாளிக்குக் காது அடைத்துவிடுகிறது. நீயே ஏற்றிவிடு. ஸ்பேனர் என் பெட்டியில் மேல்தட்டில் இருக்கிறது.

அந்த மனிதர் ஸ்டாண்டை அறுக்கச் சொல்லி வந்து நிற்கிறார், போக வேண்டும். சீட்டை எத்தனை விரல் ஏற்றினாய் என்று மறக்காமல் எழுது. அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று அதை வைத்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாப்பாவின் அப்பா