கிழித்து வைத்த கடைசிப் பாகம்

டிசம்பர் 23, செவ்வாய். தாபோடி.

நண்பன் சதீஷிடம் இன்று பொய் சொல்லிவிட்டேன்.

பொய் ஒரு நாவலைப் பற்றியது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மலைக்குப் போகும் இரண்டு நண்பர்கள் ஒருவரையொருவர் காதலிக்கிற கதை. நடைபாதைக் கடையில் சேர்ந்து வாங்கினோம். அவனுக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. அதனால் நான் படிக்கப் படிக்கப் பாகம் பாகமாகக் கிழித்து, லோக்கல் ரயிலில் அவனிடம் கொடுத்துவந்தேன். நேற்று முடிவைப் படித்தேன். இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. இதைக் கொடுக்கும்போது என் மனதையும் சொல்லிவிடுவது என்றிருந்தேன்.

இன்று ரயிலில் நான் பையைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அரே சுதா, அம்மா பாத்த பொண்ணு எனக்கும் பிடிச்சிருக்கு. ஓகே சொல்லிட்டேன். உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

கை குலுக்கினேன். வேறென்ன செய்ய?

"கடைசிப் பாகம் எங்க? ரெண்டு பேரும் சேந்தாங்களா?"

"படிச்சதும் எங்கயோ தொலைச்சுட்டேன்டா. சேரல. ஃப்ரெண்ட்ஸாவே இருந்துட்டாங்க."

"அப்பாடா! சேந்திருந்தா கதையே கெட்டுப்போயிருக்கும்."

என் ஸ்டேஷன் தாபோடி வந்தது. இறங்கிவிட்டேன்.

கடைசிப் பாகம் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. இப்போது மறுபடியும் படித்தேன். பாழாய்ப்போன கதை, இன்னமும் நன்றாகத்தான் இருக்கிறது.